நூல் பதிந்த கணுக்கால்

எங்கள் தெருவில் சாயங்காலமானால் யாருக்கும் செருப்பு சரியாகச் சேராது. குழித்தறியில் நெய்கிறவர்களின் கால் நாள் முழுக்கக் குழிக்குள் தொங்குகிறது. வேலை முடிந்து மேலே ஏறும்போது கணுக்கால் லேசாக உப்பியிருக்கும். படுத்து எழுந்தால் வடிந்துவிடும். இதைத் தறிக்கால் என்போம். நோய் என்று யாரும் சொல்வதில்லை. முதுகுவலியை, கண் எரிச்சலை எப்படிச் சொல்வோமோ அப்படித்தான் இதையும் சொல்வோம்.

ஆகவே சென்ற ஐப்பசியில் என் கால் வீங்கியபோது நானும் அதைத் தறிக்கால் என்றே நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. நினைக்கவே இல்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டில் நாலு வரி எழுதுகிறவன் நான். மழை பெய்ததா, எவ்வளவு நெய்தோம், யார் வந்தார்கள், இவ்வளவுதான். அந்த மாதம் முழுவதும் காலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

வித்தியாசத்தை முதலில் பார்த்தவள் என் மனைவி. காலையில் எழுந்து வந்தவனைப் பார்த்து, "ஏங்க, கண்ணு ஏன் இப்படி மூடிக்கினு இருக்குது? அழுதீங்களா?" என்றாள்.

"தூக்கம் சரியில்ல."

"நல்லா குறட்டை விட்டுக்கினுதான் இருந்தீங்க. கால காட்டுங்க."

கால் வடியவில்லை. இரவெல்லாம் படுத்திருந்தும் சதை கணுவெலும்பை மூடியிருந்தது. இன்னொன்றையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போயிற்று. சோப்புத் தண்ணீரைக் கொட்டினால் நிற்குமே, அப்படிக் கலையாத நுரை.

நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். அதற்கு ஒருவர் கை போதாது. உடலுக்கான ஊடை நூல் வைத்த நாடாவை நான் விடுவேன், என் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவை அவள் விடுவாள். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான். நான் எழுந்துவிட்டால் அவளும் எழுந்துகொள்ள வேண்டியதுதான். அப்போது தறியில் தை மாதத்துக் கல்யாணம் ஒன்றுக்காக மாம்பழ நிறத்தில் அரக்குக் கரையோடு ஒரு சேலை பாதியில் இருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். அவசரப்படாமல் பேசுகிறவர். என் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, சற்று நேரம் அப்படியே வைத்திருந்து எடுத்தார். விரல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பிசைந்த மாவில் அழுத்தியது போல அது அப்படியே நின்றது. எனக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் விசித்திரமாக இருந்தது.

ரத்தம், சிறுநீர் இரண்டையும் பரிசோதித்துவிட்டு மறுநாள் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். அவர் சொன்னதை அன்று மாலையே எழுதிவைத்தேன். அதனால் ஓரளவு சரியாகவே இங்கே தரமுடிகிறது.

"ரத்தம் ஓடுற குழாய்ங்க போகப் போகச் சின்னதாகி, கடைசியில தலைமுடிய விட மெல்லிசாயிடும். அந்த மெல்லிசுக் குழாயோட சுவர் வழியாத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய கசியும். கசியணும். அப்பதான் சதைக்கு வேண்டியது போய்ச் சேரும்."

"கசிஞ்சது எல்லாம் வெளியவே நின்னுடாதா?" என்றேன்.

"ரத்தத்துல ஒரு புரதம் இருக்கு. உருவத்துல பெருசு, லேசில சுவரைத் தாண்டாது. அது உள்ள இருந்துகிட்டுத் தண்ணிய ரொம்பப் போகவிடாம இழுத்துப் பிடிக்கும். உள்ள இருக்கிற அழுத்தம் வெளிய தள்ளும், புரதம் உள்ள இழுக்கும். மீறிக் கசியுறதை வேற குழாய்ங்க வாரிக்கிட்டுப் போய்த் திரும்ப ரத்தத்துலயே சேர்த்துடும்."

என் மனைவி தாமலில் பிறந்தவள். அவர்கள் வீடு ஏரிக்கரையை ஒட்டியது. "எங்க ஊரு ஏரி ரொம்பினா கரைக்கு இந்தப் பக்கம் வயல்ல கால் வெச்சா சதசதன்னு இருக்கும் டாக்டர். கரை உடைஞ்சிருக்காது. சும்மா கசியும். வாய்க்கா அதை இழுத்துக்கினு போயிடும்" என்றாள்.

"அதேதான்மா. தறிக்கால்னு சொல்றீங்களே, அது ஏரி ரொம்புற மாதிரி. காலைத் தொங்கவிட்டா கீழ ரத்தத்தோட பாரம் கூடும், கசிவும் கூடும். படுத்தா வடிஞ்சிடும். இவருக்கு இருக்கிறது அது இல்ல. இவருக்குச் சிறுநீரகத்துல வடிகட்டி ஒழுகுது. இழுத்துப் பிடிக்க வேண்டிய புரதம் சிறுநீர்ல போயிட்டிருக்கு. அதான் நுரை. பிடிக்க ஆள் இல்லாம தண்ணி சதையில நிக்குது."

வடிகட்டி ஏன் ஒழுகுகிறது என்று தெரிய ஒரே வழிதான் என்றார். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், முதுகுப் பக்கமாக ஊசி விட்டு, சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். காரணம் தெரிந்தால்தான் சரியான மாத்திரை தரமுடியும்.

நான் தறியைச் சொன்னேன். தறியில் ஏற்றிய பாவு நூல் பாதியில் இருக்கிறது, தை மாதம் கல்யாணம் என்றேன். உண்மையில் ஊசிதான் காரணம். படுக்கவைத்து முதுகில் குத்துவார்கள் என்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்தார். "தண்ணி இறங்குறதுக்கு மாத்திரை தர்றேன். உப்பைக் குறைங்க. காலைத் தூக்கி வெச்சுப் படுங்க. தினமும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல கணுக்காலைச் சுத்தி அளந்து பாருங்க. நல்லாக் குறைஞ்சா, அடுத்த தடவை வரும்போது பேசலாம். குறையலன்னா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இதை இப்படியே விட்டா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து." அளக்க வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தானும் ஒரு முறை அளந்து எழுதிக்கொண்டார்.

ஆக, ஊசியா இல்லையா என்பது கணுக்காலின் சுற்றளவில் இருந்தது.

எங்கள் தெருவில் எதையும் நூல் போட்டுத்தான் அளப்போம். வளையல் வாங்க மணிக்கட்டை, குழந்தைக்கு அரைஞாண் கொடி செய்ய இடுப்பை, பெட்டி செய்ய அலமாரியின் உள்பக்கத்தை, எல்லாவற்றையும். மிச்சப் பட்டு நூல் எந்த வீட்டிலும் இருக்கும். என் மனைவி முறுக்கிய இழை ஒன்றை எடுத்தாள். புள்ளியின் மேல் வைத்துச் சுற்றி, நுனி வந்து சேர்ந்த இடத்தில் சிவப்புப் பருத்தி நூலால் ஓர் அடையாளம் கட்டினாள். புள்ளி அழியாதிருக்கத் தினமும் கண்மை வைத்தாள். காபி போடுவதற்கு முன் அளவு. அதுதான் முறை.

"எப்படி?" என்பேன்.

"நுனி அடையாளத்தைத் தாண்டிப் போவுது. குறையுது."

மறுநாளும் அதே கேள்வி. "நூலு இன்னும் மிஞ்சுது. நகத்து அளவு."

நகத்து அளவு, நெல் அளவு என்று நான் நோட்டில் எழுதினேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மிஞ்சியது. மாத்திரையால் சிறுநீரும் அதிகமாகத்தான் போயிற்று. உப்பில்லாத ரசம், உப்பில்லாத இட்லி. ஊறுகாய் ஜாடியை அவள் பரண்மேல் ஏற்றிவிட்டாள். நான் ஏணி வைத்து ஏறமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தறியில் உட்காரும் நேரத்தைப் பாதியாக்கினோம். சேலை மெல்ல வளர்ந்தது.

கார்த்திகையில் ஒருநாள் ஜரிகை கொண்டுவருகிற பாய் வந்தார். பல வருடங்களாக எங்களுக்கு ஜரிகை தருகிறவர், வந்தால் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "காலுக்குக் கால் சூப்புதான் அண்ணே மருந்து. ஆட்டுக்கால் வாங்கி மிளகு போட்டுக் குடிங்க" என்றார்.

"கார்த்திகை மாசத்துல நாங்க அதெல்லாம் தொட மாட்டோம் பாய்" என்றாள் என் மனைவி.

"நீங்க தொட வாணாம்மா. அவரு குடிச்சா போதும்."

"எவ்வளவு புரதம் தின்னாலும் ஒழுகிற பானையில ஊத்துற மாதிரிதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வாணாம், தானா குறைஞ்சுக்கினு வருது. நூலைப் பாருங்க." அடையாளத்தைக் காட்டினாள்.

பாய் நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நூலு குறையுதுன்றீங்க. மூஞ்சி மட்டும் பக்ரீதுக்கு வளர்த்த கடா மாதிரி ரொம்பிக்கினே வருதே அண்ணே."

எல்லாரும் சிரித்தோம். அவர் போன பிறகு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நோன்பு மாதத்தில் பாய் வீட்டில் சர்பத் கொடுப்பார்கள். அதில் சப்ஜா விதை மிதக்கும். ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், எத்தனை கலக்கினாலும் விடாது. இழுத்துப் பிடிக்கும் புரதம் இப்படித்தான் இருக்குமென்று நானாகவே கற்பனை செய்துகொண்டிருந்தேன். சரியா என்று டாக்டரிடம் கேட்டதில்லை. கண்ணாடியில் என் கன்னத்தைப் பார்த்தபோது, என்னிடம் விதைகள் இல்லை, வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் நூல் குறைகிறது என்றது. நான் நூலை நம்பினேன். முப்பது வருடமாக நூலை நம்பிப் பிழைக்கிறவன் வேறு எதை நம்புவான்?

இரண்டொரு நாள் கழித்துக் குளிக்கும்போது கை அரைஞாண் கயிற்றில் தட்டியது. ஆடியில் மாற்றிய கறுப்புக் கயிறு. கட்டும்போது இரண்டு விரல் நுழையும்படிதான் கட்டினேன். இப்போது நகம்கூட நுழையவில்லை. கஷ்டப்பட்டுக் கயிற்றை மேலே தள்ளினேன். அது இருந்த இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் கயிற்றின் முறுக்கு புரி புரியாகப் பதிந்திருந்தது.

ஈரத்தோடு அப்படியே நின்று யோசித்தேன். ஒரே உடம்பு. மேலே கட்டிய கயிறு ஏறுகிறது என்கிறது, கீழே சுற்றிய நூல் இறங்குகிறது என்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

மறுநாள் காலை அவள் அளக்கும்போது நூலைப் பார்க்காமல் அவள் விரல்களைப் பார்த்தேன். நூலைச் சுற்றினாள். இரு நுனியையும் பிடித்தாள். பிறகு எந்த நூலை எடுத்தாலும் செய்வதையே செய்தாள். இழுத்தாள். பலமாக இல்லை. தொய்வு போகும்வரை. ஆனால் நூலுக்கு அடியில் இருந்தது எலும்போ கட்டையோ அல்ல. தண்ணீர் நின்ற சதை. அது நூலுக்கு வழிவிட்டு விலகியது. தொய்வு விழ, இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

அவள் நூலை எடுத்ததும் குனிந்து பார்த்தேன். கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம், உள்ளே பட்டின் முறுக்கு. காபி குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் இருந்தது.

"நீ இழுத்து அளக்குற" என்றேன்.

"இழுக்காம எப்படி அளப்பாங்க? தொளதொளன்னு வெச்சா அது ஒரு அளவா?"

"சதை அமுங்குதும்மா. இங்க பாரு."

பார்த்தாள். விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினாள். ஆனால் மனம் ஒப்பவில்லை. நூலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "டாக்டர் கிட்டயே கேட்டுடலாம்" என்றாள். அன்றே போனோம்.

நான் வாய் திறப்பதற்குள், "குறைஞ்சிருக்குது டாக்டர், அளவு இருக்குது" என்று நூலை மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எப்படி அளந்தீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். அவள் செய்து காட்டினாள். டாக்டரம்மா பள்ளத்தைப் பார்த்தார். "இப்ப நீங்க அளங்க. இழுக்கக் கூடாது, சும்மா மேல படணும்" என்று என்னிடம் தந்தார்.

நான் குனிந்து சுற்றினேன். இழுக்கக் கூடாது என்ற நினைப்போடுதான் பிடித்தேன். நுனிகள் கையில் சேர்ந்ததும் விரல் தானாக இறுகியது. தொய்ந்த நூலைக் கையில் வைத்திருக்க எங்களுக்குத் தெரியாது. பாவில் ஓர் இழை தொய்ந்தால் சேலையில் தெரியும். தொய்வைக் கண்டால் இழுப்பது யோசித்துச் செய்வதல்ல. நான் பிடித்தபோது நூல், அவள் பிடித்தபோது தாண்டியதைவிட அதிகமாக அடையாளத்தைத் தாண்டியது.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ரெண்டு பேரையும் விட்டா வீக்கமே இல்லன்னு ஆக்கிடுவீங்க." பிறகு இழுப்பறையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து, குனிந்து, பூவை வைப்பது போல என் கணுக்காலில் சுற்றி வைத்தார். எண்ணைப் பார்த்தார். முதல் நாள் அவர் அளந்து எழுதியதைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"கூடியிருக்கு. நல்லாவே கூடியிருக்கு. இனிமே காத்திருக்க வேண்டாம்." செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது கச்சபேசுவரர் கோயில் தாண்டியதும், அவள் வெளியே பார்த்தபடியே, "நானே இழுத்து இழுத்துக் குறைச்சிட்டேன்" என்றாள்.

"நான் உன்ன விட ஜாஸ்தி இழுத்தேன். பார்த்தல்ல?"

"எனக்குக் குறையணும்னு இருந்துச்சு. கைக்கும் தெரிஞ்சிருக்கும் போல."

எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் தறிமேல் பழைய வேட்டியை விரித்து மூடிக்கொண்டிருந்தாள். "நாளைக்கே போலாம். தறி எங்கயும் ஓடிடாது" என்றாள். கல்யாண வீட்டுக்கு வேறு சேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சேலையை நெய்யக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் செய்ததும் அவள்தான். நான் அடுத்த அறையில் இருந்தேன். அவள் குரலில் கெஞ்சல் இல்லை.

ஊசியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. குப்புறப் படுக்கவைத்தார்கள். மரத்துப்போக ஒரு மருந்து போட்டார்கள். "மூச்சைப் பிடிங்க" என்றார் ஓர் இளம் டாக்டர். ஸ்டேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம். விடச் சொன்னார். திரும்ப ஒரு முறை. அவ்வளவுதான். இதற்காகவா ஒரு மாதத்தைக் கடத்தினோம் என்று இருந்தது. அதற்குப் பிறகு அசையாமல் மல்லாந்து படுத்திருந்ததுதான் சிரமம். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், என் வலப்பக்கம். அந்தப் பக்கம்தான் ஸ்டூல் போட இடம் இருந்தது என்றாலும், இருவருக்கும் அது பழகிய இடம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், "தறிக்காரங்களா?" என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்றேன். "உங்க வீட்டம்மா என் புடவைத் தலைப்பை மூணு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துட்டாங்க" என்றாள்.

முடிவு வந்தது. வடிகட்டியில் பெரிய சேதம் இல்லை. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை. ஆனால் பல மாதம் விடாமல் சாப்பிட வேண்டும், ஒழுகல் திரும்ப வரவும் கூடும் என்றார்கள். நல்ல வேளை இப்போதாவது வந்தீர்கள் என்றும் சொன்னார்கள். மாத்திரை முகத்தை வேறு விதமாக உருட்டியது. பசி தாங்கவில்லை. பாய் வந்து பார்த்துவிட்டு, "பக்ரீதே முடிஞ்சிரும் போல, கடா இன்னும் கொழுத்துக்கினே இருக்குது" என்றார்.

தண்ணீர் இறங்கியது மாசியில். ஒரே நாளில் தெரியவில்லை. முதலில் நுரை நின்றது. பிறகு அரைஞாண் கயிறு தானாக இடுப்பெலும்புக்கு நழுவியது. ஒருநாள் செருப்புக்குள் கால் ஆடியது. கட்டைவிரலால் அழுத்தினேன். அடியில் எலும்பு தட்டுப்பட்டது. விரலை எடுத்ததும் தோல் எழும்பி நின்றது.

டாக்டரம்மா எங்களுக்கு ஒரு டேப் கொடுத்திருந்தார். தினமும் அதில்தான் அளவு. ஆனால் அன்று காலை அவள் டேப்பை எடுக்கவில்லை. கைப்பையிலிருந்து அந்தப் பட்டு நூலை எடுத்து வந்தாள். சிவப்பு அடையாளம் இன்னும் இருந்தது. கீழே உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கண்மை இல்லாமலே இடம் தெரிந்தது. நூலைச் சுற்றினாள்.

"இழுக்காதே" என்றேன்.

"இழுக்கத்தான் போறேன்."

இழுத்தாள். வழக்கம் போல, தொய்வு போகும்வரை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். நூல் அடையாளத்தை எவ்வளவு தாண்டியது என்று பார்க்கவில்லை. நூலை எடுத்துவிட்டு, இருவரும் குனிந்து என் கணுக்காலைப் பார்த்தோம்.

தோலில் எந்தக் கோடும் இல்லை.

அவள் நூலைச் சுருட்டி மிச்ச நூல்களோடு போட்டுவிட்டு, தறிமேலிருந்த வேட்டியை எடுத்து உதறினாள்.